பதாசி கடைக்கு வந்த படகு

கங்கைக் கரையில் இருக்கிற எங்கள் சீதல்காட் ஊரில் பாங் வாங்க யாரும் யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை. சர்க்காரே கடை வைத்துக் கொடுத்திருக்கிறது. பச்சைப் பலகையில் 'அரசு பாங் கடை' என்று வெள்ளை எழுத்து, கீழே லைசென்ஸ்காரர் பெயர். கஞ்சா புகைத்தால் போலீஸ் பிடிக்கும். அதே செடியின் இலையை அரைத்து உருண்டை பிடித்து விற்றால் சர்க்கார் வரி வாங்கும். இது ஏன் என்று கேட்டவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. கங்கை ஏன் கிழக்கே ஓடுகிறது என்று யாராவது கேட்பார்களா?

அந்தப் பலகையில் இருக்கிற பெயர் பதாசி தேவி. மஹங்கு சாவின் பெண்டாட்டி. மஹங்குவின் அப்பாவும் என் அப்பாவும் அக்கா தங்கை பிள்ளைகள், அதனால் அவள் எனக்குத் தம்பி பெண்டாட்டி முறை. அவள் பிறந்தது அஹ்ரௌரா பக்கம். அவளுடைய அத்தையைத்தான் என் பெரியப்பா மகன் ராம்தனி இரண்டாந்தாரமாகக் கட்டியிருந்தான், ஆக அந்தப் பக்கத்திலும் ஒரு நூல் ஓடுகிறது. மூத்தார், அதாவது கணவனுக்கு அண்ணன் முறை உள்ளவர்களோடு எங்கள் வீட்டு மருமகள்கள் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற சுவரிடமோ தூணிடமோ பேசுவார்கள். நமக்கு வேண்டியதை நாம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதாசி என்னோடு பேசியதை விட எங்கள் வீட்டுக் கதவோடு பேசியதுதான் அதிகம்.

மஹங்கு நெஞ்சு வலியில் போனபோது, கடை தன் பெயருக்கு வரும் என்று அவன் தம்பி ஜோகன் நினைத்துக்கொண்டிருந்தான். பதாசி காரியம் முடிந்த கையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கலால் ஆபீசில் போய் நின்றாள். லைசென்ஸ் அவள் பெயருக்கு வந்தது. ஜோகன் பெண்டாட்டிக்குத்தான் ஏமாற்றம். கடை போனால் மூத்தவள் நம் வீட்டு அடுப்படிக்குத்தானே வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாய் விரிக்க ஒரு மூலையையே ஒழித்து வைத்திருந்தாள். அந்த மூலை காலியாகவே கிடந்தது. பதாசிக்கும் அது தெரியும். கல்லாவில் உட்காரும்போதெல்லாம் அந்த மூலை தன் முதுகுக்குப் பின்னால் காத்திருப்பது போல இருக்கும் என்று என் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் பாங்கை நாக்கில் வைத்ததே இல்லை. ஹோலிக்குக்கூட இல்லை.

"மிட்டாய்க் கடைக்காரன் ஜிலேபி தின்னுக்கிட்டா இருக்கான்?" என்பாள்.

"நம்ம படித்துறை முக்குல இருக்கறவன் தின்றானே," என்பாள் என் பெண்டாட்டி.

"அதான் அவன் கடை தேற மாட்டேங்குது."

அப்போது கடை படித்துறைக்குப் போகிற சந்தில் இருந்தது. மத்தியானத் தூக்கம் முடிந்து தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பாவோடு ஒவ்வொருவராக இறங்கி வருவோம். பதாசியிடம் ஓர் உருண்டை. பத்தடி இறங்கினால் படித்துறையில் ஒரு பெரிய அம்மி. மஹங்குவின் அப்பா வாங்கிப் போட்டது; கடைக்கு வருகிறவர்கள் அரைத்துக்கொள்ள வேண்டுமே என்று. மிளகு, சோம்பு, வெள்ளரி விதை சேர்த்து, ஊர் வம்பையும் சேர்த்து, வெண்ணெயாக அரைப்போம். பிறகு படகுக்காரன் லௌட்டனின் படகு. அக்கரை மணலில் இறங்கினால் அது வேறு உலகம். வெளிக்கிருந்து, துணி துவைத்து, எண்ணெய் தேய்த்து, நாலு தண்டால் எடுத்து, பாபாவுக்கு, அதாவது சிவனுக்கு, முதல் துளியைத் தெளித்துவிட்டுக் குடித்து, ஆற்றில் விழுந்து எழுந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அகோரப் பசியோடு வீடு திரும்புவோம். வீடு, கடை, அம்மி, படகு, அக்கரை எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. எங்கேயும் திரும்ப வேண்டாம்.

அந்தக் கோட்டில் ஜங்கி குருவின் மருமகள் ஒரு பள்ளிக்கூடம் வைத்தாள்.

ஜங்கி குரு பழைய பயில்வான். பெயர் ஜங்கி பாண்டே, ஊருக்கு குரு. எழுபதைத் தாண்டியும் படகில் ஏறினால் ஒரு பக்கம் தாழும். படித்த மருமகள், சும்மா இருக்க மாட்டாளே. வீட்டு முன்னறையில் 'லிட்டில் பேரட் கான்வென்ட்' என்று கிளிப் படம் போட்ட பலகையை மாட்டி, பதினைந்து குழந்தைகளைச் சேர்த்துவிட்டாள். முன்னறைக்கு நேர் எதிரே பாங் கடை.

கலால் இன்ஸ்பெக்டர் ஓஜா சாகேப் அளக்கிற டேப்போடு வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு போட்டிருப்பார்.

"சாகேப், ஸ்கூல் போன மாசம் வந்தது. கடை எங்க மாமனார் காலத்துக் கடை. வந்தவங்கதானே அளந்து பாத்துட்டு வந்திருக்கணும்?" என்றாள் பதாசி.

"யாரு முன்னாடி வந்தாங்கன்னு சட்டம் கேக்காதும்மா. எவ்வளவு தூரம்னுதான் கேக்கும். ஸ்கூல், கோயில் எது பக்கத்துல இருந்தாலும் கடை கூடாது."

"அப்ப இந்தச் சுவருக்குப் பின்னாடியே சிவன் கோயில் இருக்கே? இத்தனை வருஷம் அதை விட்டீங்களே?"

"சந்து வழியா சுத்திப் போனா அது தூரம் வந்துடுது. சுவரைத் தாண்டி யாரு போவா?"

"நர்சரிப் புள்ளைங்க மட்டும் நேர்கோட்டுல நடந்து வந்து பாங் கேக்குமாக்கும்!"

ஓஜா சாகேபுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் டேப்புக்குச் சிரிக்கத் தெரியாது. ஒதுங்கி நின்ற ஜங்கி குரு தொண்டையைச் செருமினார். "ஊருக்குப் படிப்பும் வேணும்ல…"

பதாசி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "ஏ சுவரே, பெரியவர்கிட்ட சொல்லு. இனிமே சாயங்காலம் ஏ ஃபார் ஆப்பிளை அரைச்சுக் குடிக்கச் சொல்லு."

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று. வேறு எங்கே தேடினாலும் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் கோயில். பஸ் ஸ்டாண்டில்தான், பஞ்சர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, டேப்பு சம்மதித்த ஓர் அறை கிடைத்தது.

"அண்ணி, தினம் எத்தனை பஸ்ஸு, எத்தனை ஜனம்! இனிமே உங்களுக்கு உருண்டை பிடிக்கக் கை பத்தாது," என்றான் ஜோகன்.

ஜனம் இறங்கியது. இறங்கியவர்கள் எல்லாருக்கும் போக வேண்டிய இடம் இருந்தது. டிரைவர்கள் தொடவே மாட்டார்கள். கிராமத்து ஆட்களுக்கு அது வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைக்கிற செடி, காசு கொடுத்து வாங்குவதா என்று பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். காலேஜ் பையன்கள் வந்தார்கள். இருபத்தொன்று ஆகவில்லை என்று இவள் விரட்டினாள். மற்றபடி வந்தவர்கள் மருந்துக் கடை என்று நினைத்து இருமல் சிரப் கேட்டார்கள்.

சரி, சந்தில் இருந்த நாங்கள் என்ன செய்தோம்? அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. படித்துறை வெற்றிலைக் கடைக்காரன் சின்னச் சின்னக் காகிதத்தில் சுற்றிய இனிப்பு உருண்டை விற்றான். உள்ளே இருப்பது அதே இலைதான், ஆனால் மேலே வயிற்று மருந்து என்று அச்சடித்திருக்கும். மருந்து என்று எழுதிவிட்டால் லைசென்ஸும் கேட்க மாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை அடி என்றும் கேட்க மாட்டார்கள். லிட்டில் பேரட் வாசலிலேயே விற்றான். ஜங்கி குரு போக ஒன்று வர ஒன்று என்று இரண்டைப் போட்டுக்கொண்டு, அக்கரை மணலில் தூங்கிப்போய், லௌட்டன் திரும்பப் போய்க் கூட்டிவர வேண்டியதாயிற்று.

"இதுல அரைக்கற வேலையும் இல்ல, பேச்சும் இல்ல. தலைவலிக்குப் போட்டுக்கற மாதிரி முழுங்கிட்டு முழிக்கறோம்," என்று குருவே அலுத்துக்கொண்டார்.

சிலர் விட்டே விட்டார்கள். என் மச்சினன் சுக்குவுக்கு முப்பது வருஷப் பழக்கம். அவன் பெண்டாட்டி சத்தியம் வாங்கிப் பார்த்தாள், மாமனார் பஞ்சாயத்து வைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடை நகர்ந்தது, பழக்கம் போயிற்று. என்னடா என்று கேட்டேன். "காகித உருண்டை பிடிக்கல. கடைக்குன்னா அவ்ளோ தூரம் நடக்கணுமே," என்றான். அவ்வளவுதான்.

தை மாதக் குளிரில் ஓஜா சாகேப் பதாசி கடைக்கு வந்து, மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"மாசா மாசம் சர்க்கார் கிடங்குலேர்ந்து இவ்வளவு எடுக்கணும்னு இருக்கு. நீங்க பாதிகூட எடுக்கல. இப்படியே போனா மார்ச்சுல லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டாங்கம்மா."

"விக்கலையே சாகேப். எடுத்து எங்க வச்சுக்கறது, தலையிலயா?"

"அது சட்டத்துல இல்ல."

"அளவோட சாப்பிடுங்கன்னு போர்டு மாட்டச் சொன்னதும் நீங்கதான். ஜனங்க அளவோட சாப்பிட்டா கடைய மூடுவோங்கறதும் நீங்கதான்."

"போர்டு ஒரு செக்ஷன். மூட்டை வேற செக்ஷன்."

"வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுக்கலாமா?"

"கூடாது. கவுண்டர்ல மட்டும்."

அவர் போன பிறகு ஜோகன் வந்தான். பெண்டாட்டி மூலையைக் கழுவி விட்டிருக்கிறாள் என்று சேதி சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான், அதுதான் பதாசிக்குத் தாங்கவில்லை. மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நேரே பழைய படித்துறைக்கு வந்து, படியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் துண்டும் சோப்புமாக இறங்கி வருவதை, வெற்றிலைக் கடையில் நிற்பதை, அம்மியைத் தாண்டிப் போவதை எல்லாம் பார்த்தாள். குழவி தனியாகக் கிடந்தது. பிறகு படகு கட்டுகிற கல்தூணைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏ தூணே, பெரியவங்களைக் கேளு. என் சரக்குல என்ன குறை? பஸ் ஸ்டாண்டு என்ன பம்பாய்லயா இருக்கு?"

ஜங்கி குரு தூணுக்குப் பதில் சொன்னார். "சரக்கைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா கேளு. வாங்கினதுக்கு அப்புறம் மனுஷன் கால் ஆத்தைப் பாத்து நடக்கணும். அங்க வந்து வாங்கிட்டு, முதுகைத் திருப்பிக்கிட்டு ஊரைச் சுத்தி இங்க வரணுமா? அப்புறம் அது பிரசாதமா, மளிகைச் சாமானா?"

"அதோட பஸ் ஸ்டாண்டு," என்றார் இன்னொருவர். "இங்க பாக்கறவனும் குடிக்கறவன். அங்க எவன் சம்பந்தி எந்த பஸ்ஸுலேர்ந்து இறங்குவான்னு யாருக்குத் தெரியும்?"

 எல்லாரும் படகில் ஏறும் வரை பதாசி படியிலேயே இருந்தாள். படகு திரும்பி வந்ததும் லௌட்டனைக் கூப்பிட்டாள். படகுக்காரனிடம் முறை ஒன்றும் இல்லை, நேராகவே பேசலாம்.

"லௌட்டன், பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே மேல்துறை இருக்கே. அங்கேர்ந்து படகு எடுத்தா என்ன?"

"எடுக்கலாம் அண்ணி. சொல்லப்போனா எனக்குச் சுகம். மேலேர்ந்து விட்டா தண்ணியே இழுத்துக்கிட்டுப் போய் அக்கரையில விட்டுடும், தோள்வலி மிச்சம். ஆனா இவங்க வரமாட்டாங்க."

"ஏன்?"

"அம்மி இங்க இருக்கே! இந்தக் கிழவனுங்க பொண்டாட்டி இருக்கற ஊரை விட்டாலும் விடுவாங்க, அம்மி இருக்கற ஊரை விடமாட்டாங்க. உருண்டை முழுங்கினாலும் அம்மிப் பக்கத்துல நின்னுதான் முழுங்கறாங்க, பாத்தீங்கள்ல?"

பதாசி பார்த்திருந்தாள். அம்மி அவள் மாமனார் வாங்கியது. அதற்கு மட்டும் எந்த லைசென்ஸும் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, ஜக்கு என்கிற கைவண்டிக்காரனையும் இரண்டு கூலிகளையும் வைத்து அம்மியையும் குழவியையும் ஏற்றினாள். மேல்துறையில் அரச மரத்தடியில் போட்டுவிடுவது, லௌட்டன் படகை அங்கே கொண்டுவருவது என்று பேச்சு. எல்லாம் சரியாகத்தான் போயிற்று, பஸ் ஸ்டாண்டு வரை. அங்கே, சரியாகப் பதாசி கடைக்கு எதிரே, வண்டியின் அச்சு முறிந்தது. கூலிகள் அம்மியைக் கீழே இறக்கி வைத்தார்கள். குழவி உருண்டு உருண்டு பஸ் சக்கரத்துக்கு அடியில் போகப் பார்த்தது. ஜக்கு அதை எடுத்து, உருளாமல் இருக்கட்டும் என்று, அம்மிக்கு நடுவில் நிமிர்த்தி நிற்க வைத்தான். வைத்துவிட்டுத் தச்சனைத் தேடிப் போனான். கூலிகள் டீ குடிக்கப் போனார்கள். பதாசி, லௌட்டனிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு வர மேல்துறைக்கு இறங்கினாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அறுபது வருஷம் பாங் அரைத்த அம்மி. மரகதம் மாதிரி பச்சை ஏறிப் பளபளக்கிறது. நடுவில் வழவழவென்று குழவி நிமிர்ந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ராபர்ட்ஸ்கஞ்ச் பஸ் வந்து நின்றது. இறங்கிய ஓர் அம்மாள் கையில் கங்கை ஜலச் செம்பு.

பதாசி திரும்பி ஏறி வந்தபோது குழவிக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. சாமந்தி மாலை, வில்வ இலை, ஊதுபத்தி. யாரோ ஒரு மணியைக் கொண்டு வந்து கடைக் கூரைக் கம்பியிலேயே கட்டியிருந்தார்கள். சுற்றி ஒரு கூட்டம். பஞ்சர் கடைக்காரன் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்: "என் கண்ணால பாத்தேன். டியூபுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருக்கேன், அப்படியே பூமியைப் பொளந்துக்கிட்டு வர்றாரு பச்சை பாபா!"

அவனுக்குப் பக்கத்தில் நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு ஜோகன்.

"அண்ணி! நம்ம வாசலுக்கு பாபாவே வந்துட்டாரு!"

பதாசி முதலில் கை கூப்பினாள். குங்குமம் வைத்த கல்லைப் பார்த்தால் கை தானாகப் போய்விடுகிறது. பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். "பாபாவாடா இது? உங்கப்பா வாங்கிப் போட்ட அம்மிடா!"

"மெதுவா பேசுங்க அண்ணி, ஜனங்க காதுல விழும்."

"விழட்டும்! டேய், கோயில் வந்தா கடை போச்சு. டேப்பை எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க. நாளைக்குத் திங்கக்கிழமை, ஓஜா சாகேப் வர்ற நாளு!"

"திங்கக்கிழமையா? சிவனுக்கு உகந்த நாளாச்சே, கூட்டம் அள்ளும்," என்றான் ஜோகன். பிறகு கொஞ்சம் யோசித்து, "கடை போனா போகட்டும் அண்ணி. நம்ம வீட்டுல உங்களுக்கு என்ன குறை?" என்றான்.

அம்மியைத் தூக்குங்கள் என்று அவள் கூலிகளைக் கூப்பிட்டாள். டீ குடித்துவிட்டு வந்த அவர்கள், தாங்களே இறக்கி வைத்த கல் என்று தெரிந்தும், தொட மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜக்கு தச்சனோடு வந்தவன் விழுந்து கும்பிட்டான். "அச்சு சும்மா முறியுமா அண்ணி? அவருக்கு இங்கதான் இறங்கணும்னு இருந்திருக்கு."

"உன் அச்சு போன வருஷமே முறிஞ்சு கயிறு கட்டி வச்சிருந்ததுடா!"

யார் கேட்கிறார்கள்? பதாசி தானே குழவியில் கை வைக்கப் போனாள், வைக்க முடியவில்லை. அன்றைக்கு நான் அவளைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பழைய படித்துறையில் நாங்கள் தூங்கி எழுந்து வந்து, அம்மி இருந்த இடத்தில் ஈரத் தடம் மட்டும் இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றிருந்தோம். போலீசுக்குப் போகலாமா என்று பேச்சு. அம்மி காணோம் என்று எப்படி எழுதிக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். அப்போது பேட்டரி ரிக்ஷாவில் வந்து குதித்தாள் பதாசி. முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. சுவரையும் பார்க்கவில்லை, தூணையும் பார்க்கவில்லை. ஜங்கி குருவின் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"குருஜி, உங்க மருமக ஸ்கூலு வச்சு ஒரு தடவை என் கடையை விரட்டினா. நான் போனேன். இப்ப ஊர் ஜனம் நம்ம அம்மியை பாபான்னு சொல்லி உக்கார வச்சு ரெண்டாந்தடவை விரட்டப் பாக்குது. இனிமே போறதுக்கு இடம் இல்ல. அந்தக் கல்லைத் தொட எனக்குக் கை வரல, நான் குடிக்கறவ இல்ல. நீங்க தினமும் பாபாவுக்குக் குடுத்துட்டுக் குடிக்கறவரு. நீங்க வந்து சொல்லுங்க, அது அம்மின்னு."

குருவுக்கு முகம் சுருங்கியது. பதாசி நேருக்கு நேர் நின்று பேசியதிலா, தன் மருமகளின் பள்ளிக்கூடத்தைச் சொன்னதிலா தெரியவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்கா? இந்தத் துண்டோடயா? லக்னோ பஸ் வர்ற நேரமாச்சே…"

"அம்மி அங்கதான் இருக்கு."

 குரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சோப்பு டப்பாவை லங்கோட்டில் செருகிக்கொண்டார். ரிக்ஷாவில் அவர் ஏறினால் இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் பதாசி அவரோடு போக, நாங்கள் பின்னால் நடந்தோம். இடுப்புத் துண்டோடு கிழவர்கள் ஊர்வலமாகக் கடைவீதியில் போவதைப் பார்த்து, எந்தக் கட்சி போராட்டம் என்று ஒருவன் கேட்டான்.

குரு நேரே குழவிக்கு முன்னால் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூட்டம் ஜே போட்டது. ஜோகன் மணி அடித்தான். குரு எழுந்து, கும்பிட்ட கையோடு பதாசி கடைக்குப் போய், பஸ் ஸ்டாண்டே பார்க்க, கவுண்டரில் நின்று, "ஒரு உருண்டை குடும்மா," என்றார். வாங்கிக்கொண்டு வந்து அம்மி முன் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கிள்ளு எடுத்து வானத்தைக் காட்டி, "பாபா, உனக்கு," என்றார். பிறகு மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். குழவியைப் படுக்க வைத்தார்.

"ஐயோ பாவம்! பாவம்!" என்று பஞ்சர் கடைக்காரன் கத்தினான்.

"எது பாவம்?" குரு நிமிர்ந்தார். "இந்தக் கல்லுல அரைச்சு அரைச்சு என் உள்ளங்கை தேஞ்சு கெடக்கு, வந்து பாரு. பாபா தினம் சாயங்காலம் எங்ககூட அக்கரைக்கு வர்றாரு. வந்தா அவருக்கு அரைச்சுக் குடுக்கணும். அவரையே அம்மில ஏத்தி நிக்க வச்சுட்டா யாரு அரைக்கறது, உன் காத்தடிக்கற பம்ப்பா?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. பஞ்சர் கடைக்காரன் விடவில்லை. "அப்ப பூமியைப் பொளந்துக்கிட்டு வந்தது?"

"பொளந்த எடத்தைக் காட்டு பாப்போம்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தார் ரோடு தார் ரோடாகத்தான் இருந்தது.

செம்பு வைத்திருந்த அம்மாளுக்கு மட்டும் அழுகை முட்டியது. "அப்ப நான் ஊத்தின கங்கா ஜலம் வீணா போச்சா மகராஜ்?"

"ஏம்மா வீணா போகும்? அரைக்கறதுக்கு முன்னாடி கல்லைக் கழுவணும். நாங்க ஆத்துத் தண்ணில கழுவுவோம், நீ செம்புத் தண்ணில கழுவியிருக்க. மிச்சம் இருந்தா இந்தக் குங்குமத்து மேலயும் ஊத்து."

அவள் ஊற்றினாள். குரு மிளகை இட்டு அரைக்க ஆரம்பித்தார். குழவி போய் வருகிற சத்தம் கேட்டதும், நின்றிருந்த எங்கள் கைகளுக்கெல்லாம் உயிர் வந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பதாசி கவுண்டருக்குப் போனோம். அந்த நேரம் லக்னோ பஸ்ஸும் வந்தது; அதிலிருந்து இறங்கியவர்கள் எங்களை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். யாருடைய சம்பந்தியும் இல்லை. இருந்திருந்தாலும் அந்த அரைப்பில் யாரும் தலையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டோம்.

அரைத்து முடிந்ததும் அம்மி வெறும் அம்மியாகிவிட்டது. கூலிகள் தாங்களாகவே வந்து தூக்கினார்கள். நாங்களும் கை கொடுத்தோம். மேல்துறை அரச மரத்தடியில் போட்டோம். இவ்வளவு தூரம் வந்த பிறகு பழைய துறைக்கு யார் திரும்பி நடப்பது என்று அங்கேயே லௌட்டனின் படகில் ஏறினோம். அவன் துடுப்பைத் தொடவேயில்லை. தண்ணீரே இழுத்துக்கொண்டு போய் எங்கள் பழைய மணலில் விட்டது.

"இவ்வளவு சீக்கிரமா வந்துட்டோம்?" என்றார் குரு. "இத்தனை வருஷம் எதுக்குடா ஆத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்ட, லௌட்டன்?"

"நீங்க எங்க நின்னீங்களோ அங்கதானே குருஜி படகு நிக்கும்."

மறுநாள் ஓஜா சாகேப் வந்தார். தார் ரோட்டில் கொஞ்சம் சாமந்தி இதழ் மட்டும் கிடந்தது.

"இங்க கோயில் ஒண்ணு வந்துச்சுன்னு ஆபீசுக்குச் சேதி வந்துதே?"

"வந்துச்சு சாகேப். நேத்தே கிளம்பிப் போயிடுச்சு," என்றாள் பதாசி.

வியாபாரம் ஒரே நாளில் பழையபடி ஆகிவிடவில்லை. இரண்டு மூன்று பேர் பழைய துறையை விட மாட்டோம் என்று வீம்பு பிடித்தார்கள். தனியாகப் போய் உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். சுக்கு திரும்பவே இல்லை, அவன் இப்போது மாலையில் கேரம் ஆடுகிறான். வெற்றிலைக் கடைக்காரனின் காகித உருண்டை வெயிலில் பிசுபிசுத்துப் போனது. எதிர்பார்க்காதவர்களும் வந்தார்கள். மருந்துக் கடைக்காரரே ஒரு நாள் துண்டை எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். இத்தனை வருஷம் கையெட்டும் தூரத்தில் ஆறு இருந்தது தெரியாமல் போச்சே என்றார். பஞ்சர் கடைக்காரனும் வந்தான். அவனை மூன்று நாள் 'பூமி பொளந்தவன்' என்று கூப்பிட்டோம்.

பஸ் ஸ்டாண்டில் பதாசிக்கு முக்காடு இல்லை. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் முறை இல்லாதவர்கள். எங்களுக்காக மட்டும் மத்தியானம் ஒரு முறை இழுத்து விட்டுக்கொள்வாள். குருவுக்கு அதுவும் கிடையாது. ஒரு தடவை நேருக்கு நேர் பேசியாயிற்று, இனிமேல் சுவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார்.

மார்ச் வந்தது. ஹோலிக்கு அவள் கிடங்கில் இரண்டு தடவை போய் மேல்கொண்டு சரக்கு எடுத்திருந்தாள். ஓஜா சாகேப் லைசென்ஸ் காகிதத்தோடு வந்து, வழக்கம் போல மூட்டையைத் தட்டினார். காலி மூட்டை 'பொத்' என்றது.

"அதே ஊரு, அதே ஜனம், அதே சரக்கு. தையில விக்காதது இப்ப எப்படிம்மா விக்குது?"

"நீங்க கடையைத்தானே நகத்தினீங்க சாகேப். படகை யாரும் நகத்தலயே. அதை நான் நகத்தினேன்."

ஓஜா சாகேப் ஈரத்துண்டை எடுத்துப் பிழிந்தார். ஏதோ ஒரு செக்ஷனைத் தேடுவது போலக் கண்ணை மூடினார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே மேல்துறைக்கு இறங்கிப் போய், அம்மியிலிருந்து கடை வரை அளந்துகொண்டே ஏறி வந்தார்.

"அம்மிக்கு எவ்வளவு தூரம் இருக்கணும்?" என்று கேட்டாள் பதாசி.

"இன்னும் எதுவும் வரல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பதாசி காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கீழே லௌட்டன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கவுண்டரில் இன்னும் நாலைந்து பேர் துண்டும் சோப்பு டப்பாவுமாக நின்றிருந்தோம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாகேப்," என்றாள் அவள். "அடுத்தது யாரு? சீக்கிரம், படகு நிக்காது."